மொறிஸ் மைனரும் இரும்புக் கறளும்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கச் செல்பவரின் கண் முதலில் அதன் நிறத்தை நாடும். செவி இயந்திரத்தின் ஓசையை நாடும். கை சுக்கானைப் பற்ற விரும்பும். இவை இயல்பானவையே. ஆயினும், அவ்வண்டி இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்பதையும், அதில் ஏறிச் செல்வோர் பத்திரமாக வீடு திரும்புவரா என்பதையும் தீர்மானிக்கும் பகுதி இம்மூன்றுக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது. வண்டியின் அடிப்புறத்தில், மண் படிந்து, ஈரம் தங்கி, வெளிச்சம் புகாத மூலைகளிலே இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். இதனைத் துரு என்பர். ஈழத்து வழக்கிலே கறள் என்பர். பழைய வண்டியை வாங்குவோரும் திருத்துவோரும் முதலில் அறியவேண்டிய பகை இக்கறளேயாகும்.

பழைய வண்டிகள் பலவகைப்படும். எனினும், இலங்கையின் நகரங்களிலும் கிராமங்களிலும் பலரும் கண்டு பழகிய மொறிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தமாகும். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரால் வகுக்கப்பட்ட இவ்வண்டி, 1948 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் இலண்டன் மாநகரில் ஏள்ஸ் கோட் மண்டபத்தில் நடைபெற்ற மோட்டார்க் காட்சியில் அறிமுகம் செய்யப்பட்டது. உற்பத்தி தொடங்குவதற்குச் சற்று முன்னர், வண்டி ஒடுங்கிக் காணப்படுகிறதென்று இசிகோனிஸ் கருதினார். மாதிரி வண்டியை நெடுக்கே இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலமே சரியென முடிவு செய்தார். அதற்கு முன்பே செய்து வைத்திருந்த பம்பர்கள் நடுவில் வெட்டப்பட்டு, இடையே ஒரு துண்டு வைத்து இணைக்கப்பட்டன. ஆகவே, வெட்டுதலும் இணைத்தலும் இவ்வண்டியின் பிறப்போடு வந்தவை எனலாம். 1960 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் பத்து இலட்சமாவது மொறிஸ் மைனர் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. பிரித்தானிய வண்டிகளுள் இவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது, மொத்தம் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாகியிருந்தன.

இத்தகைய பழைய வண்டிகளின் இயந்திரம் எத்துணைப் பொறுமை உடையது என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நன்கு அறிவர். 1990களில் போர் காரணமாகப் பெற்றோல் கிடைக்காத காலத்தில், அங்கிருந்த மொறிஸ், ஒஸ்ரின் முதலிய பழைய வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்க விகிதம் குறைந்த அப்பழைய இயந்திரங்கள் புகையைக் கக்கினவே ஒழிய, நின்றுவிடவில்லை. இயந்திரம் பழுதானால் கழற்றலாம். தேய்ந்த பாகத்தைக் கடைந்து சீராக்கலாம். வேறோர் இயந்திரத்தையே கொண்டுவந்து பொருத்தலாம். அத்தொழிலில் வல்ல மெக்கானிக்மார் நம் ஊர்களில் என்றும் இருந்திருக்கின்றனர். ஆனால், வண்டியின் உடல் கறளுக்கு இரையாகிவிட்டால், அதனைக் கழற்றி வைத்து வேறு மாட்டுதல் இயலாது.

இதற்குக் காரணம் வண்டியின் அமைப்பிலே உள்ளது. லொறி போன்றவற்றில் கனத்த இரும்புச் சட்டம் கீழே தனியாக இருக்கும். உடல் அதன்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். மொறிஸ் மைனரில் அவ்வாறு தனிச்சட்டம் இல்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் கனமுடைய தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, அப்பெட்டிகளே வண்டியைத் தாங்கும்படி செய்திருக்கின்றனர். மெல்லிய தகடாயினும், பெட்டியாக மூடப்பட்டபோது அதற்குப் பெரும் வலிமை உண்டாகிறது. ஒரு தீப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு அதனை அழுத்திப் பார்ப்பவருக்கு இந்நுட்பம் விளங்கும். நான்கு பக்கமும் இருக்கும்வரை தாங்கிய பெட்டி, ஒரு பக்கம் போனதும் மடங்கிவிடும். கறள் செய்வதும் இதுவே. அது பெட்டியின் ஒரு பக்கத்தை உள்ளிருந்தே தின்று, ஏனைய பக்கங்களின் வலிமையையும் பயனற்றதாக்கிவிடுகிறது.

கறள் உண்டாகும் முறையைச் சற்று ஆராய்ந்தால், அதனைத் தேடவேண்டிய இடமும் தெளிவாகும். இரும்பு, நீர், ஒட்சிசன் என்னும் மூன்றும் கூடினாற் கறள் பிறக்கும். நீரில் உப்புக் கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகப் பாயும். கறளும் விரைந்து வளரும். நீர் துளியாக வந்து விழவேண்டும் என்பதும் இல்லை. காற்றிலுள்ள ஈரத்தைக் காட்டும் சாரீரப்பதன் நூற்றுக்கு 60 அளவைத் தாண்டினாலே, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின்மேற் படிந்து அழிவு விரைவடையும். இலங்கையின் கரையோரங்களில் இரவுப்பொழுதில் ஈரம் இவ்வளவுக்கு மேலேயே நிற்பது வழக்கம். இங்கிலாந்திலே பனிக்காலத்தில் வீதிகளிற் கொட்டப்படும் உப்பு வண்டிகளை அழிக்கிறது. இங்கே அவ்வேலையைக் கடற்காற்று ஆண்டு முழுவதும் செய்கிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூ. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் 1920களில் ஒரு சிறிய பரிசோதனையால் பெரிய உண்மையொன்றைக் காட்டினார். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின்மேல் உப்புநீர்த் துளி ஒன்றை வைத்து, அதனை அவர் கவனித்தார். துளியின் ஓரத்திலே காற்று எளிதிற் கலப்பதால் ஒட்சிசன் மிகுதி, நடுவிலே குறைவு. ஒட்சிசன் மிகுந்த ஓரத்தில் இரும்பு அழியும் என்றே பலரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ அதற்கு எதிர்மாறானது. ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதி அனோட்டாகி இரும்பு கரைந்தது. ஓரம் கதோட்டாகித் தப்பியது. இரண்டுக்கும் இடையே செந்நிறக் கறள் வளையமாகப் படிந்தது. கறள் கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று. இரும்பு உண்மையிலே கரையும் இடம் மற்றொன்று.

பழைய வண்டியை ஆராய்வோருக்கு இதனைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை. இரண்டு தகடுகள் ஒன்றின்மேலொன்று படிந்திருக்கும் இடுக்கில் நீர் புகும், காற்றுப் புகாது. மூலையிற் படிந்த சேற்றின் அடியிலும், வெடித்துப் பிரிந்த தார்ப்பூச்சின் உட்புறத்திலும், நனைந்த கம்பளத்தின் கீழும் இதே நிலைதான். எங்கே நீர் தங்கிக் காற்று மட்டுப்படுகிறதோ, அங்கேயே இரும்பு கரையும். கறள் தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தைப் பிடிப்பதால், இடுக்கிலுள்ள தகடுகளை அது நெம்பிப் பிரிக்கும். பிரிந்த வாய் வழியே மேலும் நீர் புகும். வெளியிற் சிறு கொப்புளமாக வர்ணம் எழும்பும்போது, உள்ளே அழிவு தொடங்கிப் பல காலம் ஆகியிருக்கும்.

இனி, மொறிஸ் மைனரில் ஆராயவேண்டிய இடங்களை நோக்கலாம். முன்னும் பின்னுமுள்ள நான்கு மட்காட்களும் மரையாணியாற் பூட்டப்பட்டவை. முன் மட்காட்டின் பின்விளிம்பில், கதவுக்கு முன்னாற் சேறு அடைந்து தகடு ஓட்டையாவது மிகப் பொதுவான குறையாகும். வாங்கச் செல்பவர் இதனைக் கண்டு அஞ்சுவார். ஆனால், வண்டியிலுள்ள கறள்களுள் அஞ்சத்தக்கவற்றிற் கடைசியானது இதுவே. மரையாணிகளைக் கழற்றி மட்காட்டை மாற்றிவிடலாம். வண்டியின் வலிமைக்குக் குறைவு நேராது. கதவின் அடிவிளிம்பும் அத்தகையதே. யன்னற் கண்ணாடியின் இறப்பர் தேய்ந்து, மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள வடிதுளை அடைபட்டால் அவ்விடம் உக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் இக்குறைகள் கைக்கு எளியவை.

கண்ணுக்குத் தோன்றாதவையோ அரியவை. இரண்டு பக்கத்திலும் கதவுகளின் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி ஒன்று உண்டு. இதனை இங்கே கதவடிப் பெட்டி என்று குறிப்பிடலாம். வண்டி நடுவில் வளையாமற் காப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. முன்னிருக்கைகளின் கீழே, வண்டியின் குறுக்காக மற்றொரு பெட்டி செல்கிறது. முன் சில்லுகளின் பாரத்தைத் தாங்கும் முறுக்குத் தண்டுகள் இரண்டும் பின்னோக்கி வந்து இக்குறுக்குப் பெட்டியிலேயே பூட்டப்படுகின்றன. ஜாக்கி வைத்து வண்டியை உயர்த்தும் இடமும் இப்பெட்டியின் முனைகளே. முறுக்குத் தண்டில் எந்நேரமும் பெரும் விசை அடங்கியிருக்கும். அதனைப் பற்றியிருக்கும் தகடு உக்கி விட்டுக்கொடுத்தால், ஓடும் வண்டியின் முன்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அவ்வேளையில் சாரதியின் திறமையால் ஆகக்கூடியது சிறிதே.

சாரதியின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே, பிறேக்கின் தலைமைச் சிலிண்டர் அடிச்சட்டப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கசியும் பழைய பிறேக் எண்ணெய் வர்ணத்தை உரித்துவிடும் இயல்புடையது. வர்ணம் உரிந்த இரும்பைக் கறள் பற்றும். இவ்வாறு பிறேக்கின் சிறு கசிவே, பிறேக்கைத் தாங்கும் சட்டத்துக்குக் கேடாக முடியும். பின்புற ஸ்பிறிங் பட்டைகள் பூட்டப்பட்டுள்ள முன்முனையும் பின்முனையும், இயந்திர அறையின் பக்கத் தகடுகள் நடுத் தடுப்போடு சேரும் மூலைகளும், முன்சட்டத்தின் கால்களும், பொதிப்பெட்டியின் தரையும் அவ்வாறே ஆராயப்பட வேண்டியவை. மரச்சட்டங்களோடு கூடிய டிறவலர் வகை வண்டியானால் மற்றொன்றும் உண்டு. அதன் பின்புறத்து மரம் அழகுக்காக ஒட்டப்பட்டதன்று. அதுவே அப்பகுதியைத் தாங்கும் எலும்பு. மரம் உக்கியிருந்தால் இரும்பு உக்கியதற்குச் சமமாகவே கொள்ளவேண்டும்.

இவற்றைச் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஒரு கைவிளக்கு, சிறு காந்தம், மழுங்கிய ஸ்குறூ டிறைவர், படுப்பதற்கு ஒரு பழஞ்சாக்கு ஆகியவை போதும். காந்தத்தை மெல்லிய துணியிற் சுற்றி, வர்ணத்தின்மேல் நகர்த்திச் செல்லவேண்டும். இரும்பு உள்ள இடத்தில் அது பற்றும். பட்டியையோ கண்ணாடி நாரையோ வைத்து நிரப்பி மூடியுள்ள இடத்திற் பற்று விட்டுப்போகும். பின்னர், விற்பவரின் சம்மதம் பெற்று, அடிப்புறத்துப் பெட்டிகளை ஸ்குறூ டிறைவரின் பிடியாற் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். உக்கிய தகடு மந்தமாக ஒலிக்கும். ஐயத்துக்குரிய இடத்தை முனையால் அழுத்தினால் நல்ல இரும்பு இடங்கொடாது. சம்மதம் தர மறுக்கும் விற்பனையாளர், அம்மறுப்பாலேயே பாதி விடையைத் தந்துவிடுகிறார்.

அடுத்த சோதனை இன்னும் எளியது. சமதரையில் நிற்கும் வண்டியின் கதவைத் திறந்து மூடி, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடைவெளியை மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர், ஜாக்கியால் வண்டியை உரிய இடத்திற் சிறிது உயர்த்தி, அதே இடைவெளியை மீண்டும் பார்க்கவேண்டும். இடைவெளி ஒடுங்கினாலோ, கதவு இறுகினாலோ, வண்டியின் நடு வளைகிறது என்பது பொருள். கதவடிப் பெட்டி வலிமை இழந்துவிட்டது. ஜாக்கி தகட்டை நசுக்கிக்கொண்டு உள்ளே போகுமாயின், மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியின் கீழே எவரும் தலையை நீட்டலாகாது என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் வேண்டும். கறள் தின்ற வண்டியில் இவ்விதி இரட்டிப்புக் கண்டிப்பானது.

விலைக்கு வரும் வண்டிகளிற் பல அண்மையிற் புதிதாக வர்ணம் பூசப்பட்டிருக்கும். அடிப்புறத்திலே தடித்த தார்ப்பூச்சும் இருக்கலாம். புதிய வர்ணம் ஏமாற்றின் அடையாளம் என்று கூறிவிட முடியாது. உண்மையாகத் திருத்திய வண்டிக்கும் வர்ணம் வேண்டும். வேறுபாட்டை அறிவது எவ்வாறு? திருத்த வேலையின்போது எடுத்த நிழற்படங்கள், வெட்டி எறிந்த பழைய துண்டுகள், வாங்கிய தகடுகளின் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை நேர்மையாக வேலை செய்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். கறளின்மேற் பூசிய தார் கறளைத் தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்து, எவன்ஸ் காட்டிய நிலையை அது தானே உண்டாக்கிக் கொடுக்கிறது.

2020 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், ஓடும் நிலையிலுள்ள எந்த வண்டிக்கும் விலை ஏறியது. முன்பு கோழி அடையும் கொட்டிலில் நின்ற வண்டிகளும் வெளியே இழுக்கப்பட்டு விலை பேசப்பட்டன. குடும்பமொன்றின் பல ஆண்டுச் சேமிப்பு இத்தகைய கொள்வனவிலே அடங்கியிருக்கும். ஆகவே, விலை பேசுவதற்கு முன்னர் கணக்கை நேராக வைத்துப் பார்க்கவேண்டும். இயந்திரம் ஓடாது, இருக்கை கிழிந்தது, நிறம் மங்கியது, ஆனால் அடித்தகடு திடமானது என்னும் வண்டி ஒன்று. இயந்திரம் இனிது பாடுகிறது, நிறம் மின்னுகிறது, ஆனால் கதவடிப் பெட்டி உக்கியது என்னும் வண்டி மற்றொன்று. முன்னதே வாங்கத்தக்கது. பின்னதன் விலை எவ்வளவு மலிவாயினும், வாங்கிய விலையைத் திருத்தச் செலவு விழுங்கிவிடக்கூடும்.

வாங்கியாயிற்று, கறளும் சிறிதளவு உண்டு. இனித் திருத்தம் தொடங்கவேண்டும். இதில் வரிசையே முதன்மையானது. வண்டியைத் தாங்கும் பெட்டிகள் முதலில். மட்காட், கதவு முதலியன அடுத்து. வர்ணம் எல்லாவற்றுக்கும் பின்னர். ஆர்வம் மிகுந்தவர் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, பணத்தை முதலில் வர்ணத்திற் செலவிட்டு, பின்னர் வெல்டிங் வேலையின்போது அவ்வர்ணம் கருகுவதைப் பார்த்துக் கலங்குவர்.

மேற்பரப்பிற் படிந்த இலேசான கறளைக் கம்பித் தூரிகையாற் தேய்த்து, பொசுபோரிக்கமிலம் கலந்த மருந்தைப் பூசினால், கறள் திடமான பொசுபேற்றுப் படலமாக மாறும். அதன்மேல் வர்ணம் நிற்கும். ஆனால், எந்த மருந்தும் போன இரும்பை மீட்டுத் தராது. தகடு மெலிந்தோ ஓட்டையாகியோ இருந்தால், பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி அகற்றுவதே ஒரே வழி. அவ்வாறு வெட்டும்போது, வெளியிற் கண்ட ஓட்டை உள்ளங்கையளவு விரிவதைக் கண்டு மனந்தளரலாகாது. உக்கிய தகட்டை அப்படியே விட்டு, அதன்மேற் புதுத்தகடு ஒன்றை ஒட்டிவிடுவது இலேசான வேலை. ஆயினும், அதனால் இரண்டு தகடுகளுக்கு இடையே புதிய இடுக்கு ஒன்று பிறக்கும். பழைய கறள் அதற்குள் வித்தாக இருக்கும். சில மழைக்காலங்களுக்குள் அது முளைத்துவிடும்.

கதவடிப் பெட்டியை வெட்டுவதற்கு முன்னர், கதவு நிலையின் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாக வைத்துப் பொருத்தவேண்டும். அல்லாவிடில், வண்டி தன் பாரத்தாலேயே தொய்ந்து, புதுப்பெட்டி வைத்தபின் கதவு மூடாது. இரண்டு பக்கத்தையும் ஒருங்கே வெட்டாமல், ஒரு பக்கத்தை முடித்து மறுபக்கம் செல்வது நன்று. மெல்லிய தகட்டில் நீண்ட கோடாக வெல்டிங் செய்தால் வெப்பத்தால் தகடு நெளியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, சூடு ஆறவிட்டு, இடைவெளிகளை நிரப்பிச் செல்வதே கைதேர்ந்தோர் முறை.

இவ்வேலையில் உயிராபத்தும் உண்டு. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிடவேண்டும். பொதிப்பெட்டியின் தரையிற் பூட்டப்பட்டுள்ள பெற்றோல் தாங்கியைக் கழற்றி, வேலை நடக்கும் இடத்துக்கு வெளியே தொலைவில் வைக்கவேண்டும். வெறுமையாகிவிட்டது என்று எண்ணி அத்தாங்கியை அங்கேயே விடுவது பெரும்பிழை. பெற்றோல் ஆவி நிறைந்த வெறுந்தாங்கி, நிறைந்த தாங்கியினும் கொடியது. இருக்கை, கம்பளம், தார்ப்பூச்சு யாவும் தீப்பற்றக்கூடியவை. நாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சல் காணலாம். பூச்சைத் தேய்த்து அகற்றியபின்னரே, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யவேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடுமாதலால், அதனைத் தேய்க்கும் தூசு சிறுவர் விளையாடும் முற்றத்திற் படியாமற் பார்த்துக்கொள்வதும் கடமையாகும்.

பட்டியை அறவே விலக்கவேண்டும் என்பதில்லை. திடமான தகட்டின்மேலுள்ள சிறு பள்ளத்தை நிரவுவதற்கு மெல்லிய பட்டி உரியது. ஓட்டையை மூடுவதற்கோ, பாரத்தைத் தாங்கும் பெட்டியை நிரப்புவதற்கோ அது உரியதன்று. இருக்கைப்பட்டியின் மரையாணி பூட்டப்படும் தகடு உக்கியிருந்து, அதனைப் பட்டியால் மறைத்தவர், மோதல் நேரும் கணத்தில் அப்பட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னே விழப்போகும் மனிதரை எண்ணிப் பார்க்கவேண்டும். அவ்விருக்கையில் அமரப்போகிறவர் பெரும்பாலும் தம் வீட்டவராகவே இருப்பர். வண்டியை விற்றுவிட்டால், அவர் இன்னொருவர் வீட்டின் பிள்ளையாக இருப்பார்.

திருத்திய பின்னர் காப்பது எளிது. மூடிய பெட்டிகளுள் உருகிய மெழுகுப்பூச்சையோ தடித்த எண்ணெயையோ துளை வழியாகப் பீச்சி, மூலை முடுக்கெல்லாம் படரச் செய்யவேண்டும். தகடுகளின் இணைப்புகளைப் பசையால் அடைக்கவேண்டும். ஆனால், கதவுகளின் அடியிலும் பெட்டிகளின் அடியிலுமுள்ள வடிதுளைகளை ஒருபோதும் அடைக்கலாகாது. கடற்கரைப் பயணத்தின் பின் அடிப்புறத்தை நன்னீராற் கழுவுவதும், மழைக்குப்பின் கம்பளத்தைத் தூக்கி உலரவிடுவதும், புல்லின்மேலும் ஈரமணலின்மேலும் வண்டியை நிறுத்தாதிருப்பதும் பணச்செலவில்லாத காப்புகள். காற்றுப் புகாத துணியால் இறுக மூடிவைப்பதிலும், கூரையின் கீழ்க் காற்றாட நிறுத்துவதே மேல்.

இவ்வகைத் திருத்தத்துக்கு இலங்கையோடு ஒரு சிறப்பான தொடர்பும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் 1976 ஆம் ஆண்டு மொறிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையத்தை நிறுவிய சாள்ஸ் வெயர் என்பவர், புதிய வண்டியை அடிக்கடி வாங்குவதிலும் பழையதைத் திருத்திப் பேணுவதே சிக்கனம் என்னும் கொள்கையை 1982 இல் ஒரு நூலாக வெளியிட்டார். திருத்த வேலைக்கு வேண்டிய தகடுகளும் உதிரிப்பாகங்களும் தேவைப்பட்டபோது, 1990களின் தொடக்கத்தில் இலங்கையர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, இந்நாட்டிலேயே அவற்றைச் செய்விக்க வழிகண்டார். இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட வண்டியின் உக்கிய பாகத்துக்கு ஈடாக, இலங்கைத் தொழிலாளர் வளைத்துத் தட்டிய தகடு கப்பலேறிச் சென்றது. நம் நாட்டுக் கைத்திறன் இவ்வேலைக்குப் போதியதன்று என எவரும் கூறுவதற்கு இடமில்லை.

கறளை முற்றாக வென்றவர் எவருமில்லை. இரும்பு மண்ணிலிருந்து தாதுவாக எடுக்கப்பட்டது; நீரும் காற்றும் அதனை மீண்டும் அந்நிலைக்கே கொண்டு செல்ல முயல்கின்றன. மனிதர் செய்யக்கூடியது அப்பயணத்தைத் தாமதிக்கச் செய்வதே. அதற்கு வேண்டியது இரண்டு. வாங்கும்போது குனிந்து பார்க்கும் பொறுமை ஒன்று. திருத்தும்போது நல்ல இரும்பு வரும்வரை வெட்டும் நேர்மை மற்றொன்று. இவ்விரண்டும் உடையவரின் வீட்டு வாசலில், எழுபது ஆண்டு கண்ட மொறிஸ் மைனர் இன்னும் பல மாரிகளைக் கண்டு நிற்கும். அதில் ஏறும் பேரப்பிள்ளைகளும் அச்சமின்றி ஏறி இறங்குவர்.